காருக்குள் நின்ற தண்ணீர்

எங்கள் தெருப் பிள்ளைகள் என் மாமனாரை 'பஸ் தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஓய்வுபெற்ற நாள்வரை நகரப் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருடங்களில் ஒரு கோழிக்குஞ்சுகூடத் தன் சக்கரத்தில் அடிபட்டதில்லை என்பதைக் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

ஓய்வுபெற்ற கையோடு வாங்கிய நீலக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு வெகுகாலம் முன்பே அது வந்துவிட்டது. ஆனால் பார்ப்பவர்கள் அதன் வயதை நம்பமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் குழாயைப் பிடித்தாரென்றால் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை கழுவிக்கொண்டே இருப்பார். வருடத்துக்கு ஒரு முறை தரையில் சாக்கை விரித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, தார் மாதிரி ஒரு கறுப்புப் பெயிண்டைப் பூசுவார். "அப்பா காருக்கு மை தீட்டுறாரு, யாரும் கண்ணு வைக்காதீங்க" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

தினமும் என் மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் அவர் பொறுப்பு. பின்சீட்டில் இடது பக்கம் அவளுடைய இடம். பெல்ட் கழுத்தில் உரசாமல் இருக்க அவளுக்கென்று உயரமான மெத்தை ஒன்று போட்டிருந்தார். பெல்ட்டை மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, "டிக்கெட் வாங்கியாச்சா?" என்று கேட்டு, அவள் "ஆச்சு" என்ற பிறகுதான் வண்டி நகரும். குழந்தையை யாரோடு அனுப்பினாலும் எனக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருக்கும். அவரோடு அனுப்பும்போது மட்டும் இருந்ததில்லை.

அன்று காருக்குத் தகுதிச் சோதனை. மருந்துக்கடையில் எனக்கு விடுமுறை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, சோதனை முடிந்ததும் அவளுக்குக் காலணி வாங்கப் போகலாம் என்று நானும் கூடக் கிளம்பினேன். வழக்கமாகப் போகும் இடத்தில் கூட்டம் என்பதால் ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருந்த நிலையத்துக்குப் போனோம்.

உயரமான தகரக் கூரை, எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரை, மூலையில் சுழன்றுகொண்டிருந்த பெரிய மின்விசிறி. சோதனை அதிகாரிக்கு வயிறு முதலில் வந்து, ஆள் பிறகு வந்து சேரும் உடம்பு. வாய் ஓயாத மனிதர். காரைச் சுற்றி வந்தவர், "ஐயா, இவ்வளவு அழகா வெச்சிருக்கீங்களே, எங்க வீட்ல என்னைக்கூட இப்படிப் பாத்துக்கறதில்ல" என்றார். மாமனார் முகம் மலர்ந்துவிட்டது.

விளக்குகள் எரிந்தன. பிரேக் பிடித்தது. புகைக் குழாயில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "என் மூச்சை விட இது சுத்தம்" என்றார். மாமனார் தன் கோழிக்குஞ்சுக் கதையை ஆரம்பித்தார். அதிகாரி அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே காரை லிஃப்டில் ஏற்றி, தலைக்கு மேல் தூக்கினார்.

கையில் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் போய் நின்றார். கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை நீளமாக ஒரு இரும்புக் குழல் ஓடுகிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டண், டண், டண். மாமனார் அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார், பாட்டுக் கேட்பவரைப் போல.

அப்புறம் 'தொப்' என்றது.

அதிகாரி ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார். அது பாதியில் நின்றது. மறுபடி தட்டினார். தொப். ஒரு சாண் தள்ளித் தட்டினார். தொப்.

"கொஞ்சம் பக்கத்துல வாங்க ரெண்டு பேரும்" என்றார். குரலே வேறு ஆளுடைய குரலாக இருந்தது.

திருப்புளியின் முனையைக் கறுப்புப் பூச்சின்மேல் வைத்து அழுத்தினார். ஓங்கிக் குத்தவில்லை, வெறுமனே அழுத்தினார். ஊறிப்போன அட்டைக்குள் இறங்குவதுபோல அது பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் கொட்டியது.

சொட்டவில்லை, கொட்டியது. தேநீர் நிறத்தில், துருத்தூளோடு, அவருடைய சட்டைக் கைமேலும் தரையிலும் விழுந்து என் செருப்புவரை ஓடி வந்தது. மாசக்கணக்கில் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். மழை பெய்தே எவ்வளவோ நாளாகியிருந்தது. காய்ந்த வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்த காருக்குள்ளிருந்து இவ்வளவு தண்ணீர் எப்படி வரும்? நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இது எங்கேருந்து வருது?" என்றார் மாமனார். யாரோ மந்திரம் போட்டுவிட்டதைப் போல அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி டார்ச்சை அடித்து அடிப்பாகத்தைத் தடவினார். விரலில் எதுவோ தட்டுப்பட்டது. நெம்பி எடுத்தார். கட்டைவிரல் அளவு ரப்பர் அடைப்பான். சுற்றிலும் பசை. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"இந்த ஓட்டையெல்லாம் தண்ணி வெளியே போறதுக்குன்னே கம்பெனிக்காரன் வெச்சது. இதை யாரு அடைச்சது?"

மாமனார் ஓர் அடைப்பானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் மாமனார். "பஸ்ல தரையில ஓட்டை இருந்தா அடைச்சிடுவோம். இல்லன்னா மழைல பயணிங்க கால்ல சேறு அடிக்கும். அந்த மாதிரிதான்னு நெனச்சு... நல்லா அழுத்தி அடைச்சேன்."

"மேல கதவுக் கண்ணாடி வழியா இறங்குற தண்ணி இங்கதான் வந்து சேரும் ஐயா. போக வழியில்லாம உள்ளேயே நின்னிருக்கு. நீங்க கழுவக் கழுவ நெறைஞ்சிருக்கு. வெளியே நீங்க பெயிண்ட் அடிச்சிருக்கீங்க, உள்ளே அது தின்னுட்டே இருந்திருக்கு."

"போன தடவை டெஸ்ட்ல பாஸ் ஆச்சே சார்" என்றேன் நான்.

"கறுப்புப் பூச்சு இப்படிப் பளபளன்னு இருந்தா யாருக்கும்மா தட்டிப் பாக்கத் தோணும்?"

காரைக் கீழே இறக்கி, பின்கதவைத் திறந்து, சீட்டு மெத்தையைத் தூக்கினார். மகளுடைய உயரமான மெத்தை என் கையில் இருந்தது. சீட்டைத் தூக்க வசதியாக நானேதான் அதை எடுத்து வைத்திருந்தேன். பெல்ட்டின் அடி நுனி தரையில் ஒரு பெரிய போல்ட்டில் மாட்டியிருந்தது. அதைச் சுற்றி இரும்பு அப்பளம்போல ஏடு ஏடாகப் பொரிந்திருந்தது. அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரே ஒரு இழுப்பு. கடக்கென்று சத்தம். போல்ட்டும் அதைச் சுற்றியிருந்த தகரமும் பிய்ந்து பெல்ட்டோடு அவர் கைக்கு வந்துவிட்டன. தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே சிமென்ட் தெரிந்தது.

"இந்த இடத்துல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார்.

கையிலிருந்த மெத்தையை அவரிடம் காட்டினேன். அதில் பூனை படம் போட்டிருந்தது. அந்த மனிதர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து நான் செய்தது எனக்கே புரியாத காரியம். பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு, என் மகள் வகுப்பில் இருக்கிறாளா என்று கேட்டேன். அன்று காலையில் நான்தான் கையைப் பிடித்து அவளை உள்ளே விட்டிருந்தேன். "ஏன் மேடம், ஏதாவது பிரச்னையா?" என்றாள் அலுவலகப் பெண். "ஒண்ணுமில்ல. இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். "இருக்கா மேடம். படம் வரைஞ்சிட்டு இருக்கா."

மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிய்ந்து வந்த போல்ட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் இழுத்துப் பாத்துட்டுத்தானேம்மா எடுப்பேன்" என்றார். அவர் இழுத்துப் பார்த்தது பூட்டுகிற பக்கத்தை. போல்ட் இருந்த இந்தப் பக்கம் சீட்டு மெத்தைக்கு அடியில் கிடந்தது.

அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. "வேலை தெரியாத இடத்துல ஏன் மாமா கை வைக்கிறீங்க?" என்று கத்தியும் விட்டேன். கல்யாணமாகி வந்த இத்தனை காலத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டு வாங்கியவர் முகமாக அது இல்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும் முகம். அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது.

"அம்மா" என்றார். "உங்க அக்கா காருக்கும் நான்தான் அடைச்சுக் கொடுத்தேன்."

என் அக்கா அன்று காலையில்தான் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். நெடுஞ்சாலைப் பயணம். அவள் எவ்வளவு வேகமாக ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியும்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அக்கா வீட்டுக்காரருக்குப் போட்டேன், அவர் வேலையில் இருந்தார், "என்ன விஷயம், யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவரும் பதறிப்போய் அவர் பங்குக்கு அடிக்க ஆரம்பித்தார். நான் கூப்பிடும்போது அவருடைய அழைப்பு குறுக்கே வந்திருக்கும், அவர் கூப்பிடும்போது என்னுடையது. மாமனார் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

ஒருவழியாக எடுத்தாள். "என்னடி, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிக்கிறீங்க? வண்டி ஓட்டிட்டு இருக்கேன்!" பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. அந்தச் சண்டையைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஓரமா நிறுத்துக்கா."

"எதுக்கு?"

"நிறுத்துன்னா நிறுத்து! அப்புறம் சொல்றேன்."

முன்னால் தெரிந்த பெட்ரோல் நிலையத்தில் ஒதுக்கினாள். போனை அதிகாரி வாங்கிக்கொண்டார். அங்கே டயர் பார்க்கும் ஆளைக் கூப்பிடச் சொல்லி, எங்கே கை வைக்க வேண்டும், எதை நெம்ப வேண்டும், எப்படித் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். "ம்... ம்... சத்தம் எப்படி இருக்கு? போனைப் பக்கத்துல வெச்சுத் தட்டுப்பா." ஸ்பீக்கரில் போட்டார். டண், டண், டண். கடைசிவரை டண்தான்.

"தண்ணி நெறைய வந்துச்சு" என்றது டயர்காரரின் குரல். "மேலாக்க துரு இருக்கு. ஆனா இரும்பு கெட்டியாத்தான் இருக்கு."

அடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அதனால் தப்பியது என்றார் அதிகாரி. மாமனார் அவரைக் கும்பிட்டார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

என் கணவருக்குச் சொன்னபோது முதலில் சிரித்தார். "துரு இல்லாத பழைய கார் ஏதாவது இருக்கா?" என்றார். வாடகைக் காரில் வந்து சேர்ந்து, பின்சீட்டுத் தரையில் இருந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு போயிருந்தது. "வெல்டு அடிச்சுச் சரி பண்ண முடியாதா சார்?"

"வெல்டு அடிக்க இரும்பு வேணுமே. இங்க பெயிண்ட்தான் காரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

அதை ஓட்டிக்கொண்டு போக அனுமதி இல்லை. இழுவை வண்டி வந்தது. சங்கிலி மாட்டி இழுத்தபோது இடது பக்கம் நடுவில் மடங்கியது. பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. யார் தள்ளியும் திரும்ப மூடவில்லை. கயிற்றால் கட்டித்தான் கொண்டுபோனார்கள். மாமனார் அதைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

அன்று மாலை என் மகள் வாசலிலேயே கேட்டாள், "தாத்தா, கார் எங்க?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "கெட்டுப்போச்சும்மா. தாத்தாதான் கெடுத்துட்டேன்."

"வேணும்னேவா?"

"இல்ல. தெரியாம."

"அப்ப பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமலே சாப்பாடு போட்டேன். அவரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கையில் டார்ச்சோடும் திருப்புளியோடும் அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன்.

"அக்கா காரோட முடியலம்மா, நேத்து ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு" என்றார். "எதிர் வீட்டு வாத்தியார் கார். மாவு மில்காரர் வேன். ரெண்டும் நான் அடைச்சதுதான். சும்மாதானே இருக்கோம்னு கேக்காமலே செஞ்சு கொடுத்தேன்."

டார்ச்சை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கோபம் இருந்தது. ஆனால் அந்த வயதில் அவரைத் தனியாக அனுப்பி, ஊரார் காருக்கு அடியில் படுக்கவிட மனசு வரவில்லை.

வாத்தியார் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் அதிர்ந்துபோனார், ஆனால் சாவியைக் கொடுத்தார். மாமனார் சாக்கை விரித்துப் படுத்தார். நான் குனிந்து வெளிச்சம் காட்டினேன். அடைப்பான்களை எடுத்ததும் தண்ணீர் அவர் முகத்திலேயே வழிந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. கடைசித் துளி வரும்வரை அப்படியே படுத்திருந்தார். பிறகு சுத்தியலால் தட்டினார். ஒரே ஒரு இடத்தில் சத்தம் மாறியது. "இதை வெட்டி எடுத்துட்டு வேற இரும்பு வெக்கணும். அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க வாத்தியாரே, உங்க கால்ல விழறேன்" என்றார்.

மாவு மில்காரர் அப்படி இல்லை. கடை வாசலில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "யோவ், உன்னை யாருய்யா என் வண்டில கை வைக்கச் சொன்னது? நாலு ஆளுங்க ஏறி இறங்குற வண்டிய்யா இது!" என்று கத்தினார். அன்று நான் கத்தியதேதான். வேறு ஒருவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. "தப்புதான், அதான் தேடி வந்து சொல்றாரு. சொல்லாமலே இருந்திருக்கலாமே!" என்றேன். மாமனார் என் கையைப் பிடித்து அமர்த்தினார். "அவர் சொல்றது சரிதாம்மா" என்றார். வேனுக்கு அடியில் நுழைந்தார்.

வேன் தப்பியிருந்தது. மாவு மில்காரர் கடைசியில் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

திரும்பி வரும் வழியில் மாமனார் சட்டென்று நின்றுவிட்டார். "இன்னொண்ணு இருக்கும்மா" என்றார். எங்கள் தெருக் கோடியில் குடியிருந்த தையல்காரருடைய வெள்ளைக் கார். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய் வெகுநாளாகிறது. போன் எண்ணைத் தேடிப் பிடித்தோம். காரை அப்போதே தரகர் மூலமாக விற்றுவிட்டதாகவும், தரகரும் இப்போது தொழிலில் இல்லையென்றும் சொன்னார். யார் வாங்கினார்கள் என்று தெரியாது. எந்த ஊரில் ஓடுகிறது என்றும் தெரியாது. எண் பலகையும் மாறியிருக்கலாம்.

சோதனை நிலையத்து அதிகாரியிடம் போய்ச் சொன்னோம். அவருக்குத் தெரிந்த எல்லா நிலையங்களுக்கும் சொல்லிவைப்பதாகச் சொன்னார். "ஆனா அந்த மாதிரி வெள்ளைக் கார் ஊருக்குள்ள எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். ஜோக் எதுவும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மகளை மாமனார் நடத்தித்தான் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். நேற்று நானும் கூடப் போனேன். சந்திப்பில் சிவப்பு விளக்கு. முதல் வண்டியாக ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதே மாதிரி, பழசு. பின்சீட்டில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது. மாமனார் மகளின் கையை என்னிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று சாலைக்குள் இறங்கி, அந்தக் காருக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, தலையைத் தரையோடு சாய்த்து அடியில் பார்த்தார். ஓட்டி வந்தவன் ஹார்ன் அடித்தான், பின்னால் நின்றவர்களும் அடித்தார்கள். நான் மகளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்து நடைபாதையில் ஏற்றினேன். விளக்கு மாறி வண்டிகள் கிளம்பின.

அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்காலில் தார்க் கரி.

"இது இல்லம்மா" என்றார். "இதுல ஓட்டையெல்லாம் திறந்துதான் இருக்கு."